வெடி வைக்காமல் தோண்டிய கிணறு

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு 'விடாமுயற்சி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நானும் எறும்பு, மலை, கடல் என்று ஏதேதோ எழுதினேன். நல்ல கட்டுரை, எழுந்து வாசி என்றார் வாத்தியார். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது. கொப்பியைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் இருந்தவள் வாங்கி வாசித்தாள். முயற்சி செய்கிறவரின் முகத்தில் ஒரு ஒளி இருக்கும் என்று அதில் எழுதியிருந்தேன். பிறகு நான் பல வருடம் பார்த்த முகத்தில் கல்லுத்தூள்தான் இருந்தது. அதைப் பற்றி யாருக்கும் நான் வாயால் சொன்னதில்லை. எழுதுவது அவ்வளவு கூச்சமாக இல்லை.

எனக்குக் கல்யாணம் நடந்தது எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணியில். எங்கள் ஊர் தொண்டைமானாற்றுக்கும் பருத்தித்துறைக்கும் இடையில், கடலுக்குக் கொஞ்சம் உள்ளே. ஐயா எங்கள் வளவை இரண்டாகப் பிரித்து, கிழக்குப் பாதியை அக்காவுக்கும் மேற்குப் பாதியை எனக்கும் சீதனமாக எழுதியிருந்தார். கிணறு அக்காவின் பாதியில் இருந்தது. எங்கள் பக்கங்களில் காணி எழுதும்போது கிணற்றுப் பங்கும் தண்ணீருக்குப் போய்வரும் வழியும் தனியாக எழுதுவார்கள். ஐயா அதை எழுதவில்லை. ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குத் தண்ணீரை எழுதிக் கொடுப்பது வெட்கம் என்று நினைத்தார். என் கல்யாணத்துக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

எங்கள் பாதியில் ஒரு கிணறு தோண்டி, அந்தத் தண்ணீரில் சீமெந்துக் கல் அரிந்து வீடு கட்டுவது என்பதுதான் பேச்சு. அதுவரை ஒரு ஓலைக் கொட்டில் போதும் என்று இருந்தோம். எங்கள் நிலத்தில் மண் ஒரு ஆள் ஆழம்கூட இல்லை. அதற்குக் கீழே முழுவதும் சுண்ணாம்புக்கல். துளை போட்டு, மருந்து அடைத்து, வெடி வைத்து உடைத்துத்தான் எல்லோரும் கிணறு வெட்டுவார்கள். வெடி வைக்கிறவர் ஒருவர் வந்து இடம் பார்த்துவிட்டுப் போயிருந்தார். நாட்டில் அந்த ஆடியில் நடந்த கலவரம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வடக்கில் வெடிமருந்து என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்கவில்லை. அந்த மனிதர் ஒருநாள் வேலிப் படலைக்கு வெளியே சைக்கிளில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

"இனி என்னட்டை மருந்து கேட்டு வராதையுங்கோ. என்னையும் கொண்டுபோவினம், உங்களையும் கொண்டுபோவினம்."

ஆகவே அக்காவின் கிணற்றில் அள்ளினேன். அக்காவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அத்தானுக்குப் புகையிலைத் தோட்டம், அதற்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். அடுத்த கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டது. ஒரு காலை நான் குடத்துடன் போகும்போது அத்தான் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்கிறவரோடு கதைத்துக்கொண்டு நின்றார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் வருவதை அவர் காணவில்லை.

"பங்கில்லாத வாளி ஒண்டு கூடிப்போச்சு. கிணறு எப்பிடித் தாங்கும்?"

அவர் கொடுமைக்காரர் இல்லை. தண்ணீர் இல்லாமல் கன்று வாடினால் யாருக்கும் அப்படித்தான் வாய் வரும். ஆனால் நான் வெறுங்குடத்துடன் திரும்பிவிட்டேன். என் கணவரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அடுப்பு மூட்டாததைக் கண்டு அவரே கேட்டு அறிந்தார். சைக்கிள் கரியரில் இரண்டு தண்ணீர்க் கானைக் கட்டிக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போனார். அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் அதுதான் அவருடைய முதல் வேலை.

சில நாள் கழித்து அத்தானே எங்கள் கொட்டிலுக்கு வந்தார். தண்ணீர் இல்லாத காணியில் இருந்து என்ன செய்யப்போகிறீர்கள், எனக்குத் தந்துவிடுங்கள், ஒழுங்கை முடிவில் எனக்கொரு துண்டு கிடக்கிறது, மாற்றிக்கொள்ளலாம் என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் அந்தத் துண்டு மாரியில் வெள்ளம் நிற்கும் பள்ளம். எங்கள் மகள் அப்போது வயிற்றில் இருந்தாள். ஐயா எனக்கென்று விட்ட நிலம் இது ஒன்றுதான். இதைக் கொடுத்தால் அவளுக்குக் கொடுக்க எங்களிடம் வேறு நிலம் இல்லை.

"ஒரு கோடை பொறுங்கோ அண்ணை," என்றார் என் கணவர். "தோண்டிப் பாக்கிறன்."

அத்தான் அவருடைய கைகளைப் பார்த்தார். என் கணவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிறவர். மெலிந்த ஆள். சீனி நிறுத்த விரல்கள்.

"வெடி இல்லாமலோ?"

"வெடி இல்லாமல்தான்."

அத்தான் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

மண் தோண்டுவது கஷ்டமாக இல்லை. கல் தொடங்கியதும்தான் தெரிந்தது. இரும்பு அலவாங்கால் குத்தினால் கை அதிரும், கல்லில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும், அவ்வளவுதான். சம்மட்டி, உளி என்று ஒவ்வொன்றாக இரவல் வாங்கினார். கடை பூட்டி வந்து பொழுதுபடும்வரை அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அடிப்பார். நான் மேலே நின்று கயிற்றில் பனையோலைக் கடகத்தை இறக்குவேன். அவர் கல்லை நிரப்புவார். நான் இழுத்துக் கொட்டுவேன். கடகத்தின் கைபிடி அறுந்து ஒரு தடவை கல் அவருடைய தோளில் விழுந்தது. மகள் பிறந்து மூன்றாம் மாதமே நான் திரும்பக் கயிறு பிடித்தேன். பிள்ளையை மாமர நிழலில் சேலை ஏணையில் போட்டிருப்பேன். அழுதால், கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு ஏணையை ஆட்டுவேன்.

ஐப்பசியில் மழை தொடங்கினால் எல்லாம் நின்றுவிடும். குழி நிரம்பும். கரை மண் சரிந்து உள்ளே விழும். தை பிறந்து வெயில் வந்த பிறகு, முதலில் அந்தச் சேற்றை அள்ள வேண்டும். போன வருடம் நாங்கள் நின்ற இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சேரவே மாசி முடிந்துவிடும். கட்டுரையில் இது எனக்குத் தெரியாமல் போயிற்று. முயற்சி என்றால் முன்னுக்குப் போவது என்று எழுதியிருந்தேன். எங்களுக்கு வருடத்தில் பாதி, பின்னுக்குப் போனதைச் சரிசெய்வதிலேயே போனது. சனங்கள் குழியை எட்டிப் பார்த்து, "இது குளம் வெட்டுறியளோ, கிணறு வெட்டுறியளோ?" என்று கேட்பார்கள். அவர் சிரித்து மழுப்புவார். நான் கொட்டிலுக்குள் போய்விடுவேன்.

நெருப்பு வைக்கும் யோசனை அடுப்படியில் பிறந்தது. ஒருநாள் கஞ்சி பொங்கி, நெருப்பில் காய்ந்திருந்த அடுப்புக்கல்லில் வழிந்தது. கல் படீரென்று இரண்டாகப் பிளந்தது. அவர் சாப்பிட்ட கையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லைச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும் என்றால், சம்மட்டி எதற்கு? வீடுவீடாகப் போய்த் தேங்காய்ச் சிரட்டை சேர்த்தோம். பனங்குற்றி, பொச்சுமட்டை எல்லாம் குழிக்குள் இறக்கி, ஒரு பகல் முழுவதும் எரித்தோம். சிரட்டைத் தணல் அந்தக் குறுகிய குழிக்குள் கொல்லன் உலை மாதிரிச் சிவந்து கிடந்தது. அடுத்த நாள் காலை மேல் சாம்பல் ஆறியிருந்தது, உள்ளே கல் இன்னும் சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம். அவர் ஏணியால் இறங்கினார். நான் வாளியை இறக்கினேன். ஊற்றினார்.

எங்கள் கரையோரத்தில் எத்தனை சூளைகள் இருந்தன. இந்தக் கல்லைத்தான் அங்கே சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குகிறார்கள். சுட்ட கல்லில் தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு எங்கள் மனதில் கிணறு மட்டும்தான் இருந்தது. நாங்கள் ஒரு சூளை எரித்திருக்கிறோம் என்று நினைக்கவே இல்லை.

முதலில் சீறும் சத்தம் கேட்டது. பிறகு வெள்ளைப் புகை. குழியின் அடியில் இருந்ததெல்லாம் கூழாகிக் கொதித்தது. அவர் வெறுங்காலோடு நின்றார். ஏணியில் எப்படி ஏறி வந்தார் என்று எனக்குத் தெரியாது. முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக ஒட்டியிருந்தது. துடைத்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

பருத்தித்துறை ஆசுபத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் கால் நிலத்தில் ஊன்ற ஏலாது. ஊர் முழுவதும் அந்தக் கதைதான். பார்க்க வந்த ஒருவர் பாயருகில் குந்தியிருந்து, "சுண்ணாம்புக்கு வழி பண்ணிப்போட்டாய். இனி வெத்திலைக் கொடி ஒண்டு நட்டாய் எண்டால் கடை போடலாம்," என்றார். என் கணவர் சிரித்தார். வந்தவர் போனபின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"இஞ்சாரும், அத்தானிட்டைக் கேளும். அந்தத் துண்டு இப்பவும் தருவாரோ எண்டு."

நான் கேட்கப் போகவில்லை. அதைக் கேட்கிற துணிவும் எனக்கு இல்லை என்பதுதான் உண்மை. அதற்குப் பதிலாக ஒருநாள் காலை, ஒழுங்கையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவருடைய பழைய சாரத்தையும் சேர்ட்டையும் போட்டுக்கொண்டு ஏணியால் குழிக்குள் இறங்கினேன். தோண்டும் கிணற்றில் பெண்கள் இறங்கக் கூடாது, ஊற்று மறைந்துவிடும் என்பார்கள். எனக்கு ஊற்றைவிடப் பெரிய பயம், யாராவது வேலியால் எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்பதுதான்.

அடியில் சுண்ணாம்பு காய்ந்து பொருக்காகக் கிடந்தது. மண்வெட்டியால் வழித்தேன். அதற்குக் கீழே கல் முன்பு போல இல்லை. அலவாங்கு நுனியை வைத்து நெம்பினேன். ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. இன்னொன்றைக் கையாலேயே பிடுங்கினேன். நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. இரண்டு கோடையும் அவர் அடித்து அடித்து எடுத்ததில் ஒரு நல்ல பங்கை நான் அன்று மத்தியானத்துக்குள் சுரண்டி எடுத்துவிட்டேன். மேலே வந்து, ஒரு கை நிறைய அந்தக் கல்லுத்தூளை அவருடைய உள்ளங்கையில் போட்டேன். அவர் விரலால் நசித்துப் பார்த்தார். பிறகு என் உடுப்பைப் பார்த்தார்.

"ஆரும் கண்டவையோ?"

"இல்லை."

"அப்ப சரி," என்றார். சுண்ணாம்புக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் எழும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதிலிருந்து அதுவே எங்கள் முறையாகிவிட்டது. எரிக்கிறது, நன்றாக ஆறவிடுகிறது, எட்ட நின்று கயிற்று வாளியால் தண்ணீர் தெளித்துவிட்டு ஓடுகிறது, பொரிந்து முடிந்தபின் வழித்து எடுக்கிறது. ஒரு எரிப்புக்கு ஒரு சாண் இறங்கினால் பெரிய காரியம். சேர்ந்த சுண்ணாம்பைப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கச் சனங்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். பகடி பண்ணினவரும் ஒரு வாளி கொண்டு போனார்.

எண்பத்தேழு வைகாசியில் எங்கள் பகுதிக்குள் சண்டை வந்தது. நாங்கள் மகளைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அக்கா ஆட்கள் வரவில்லை. மாடுகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அத்தான் நின்றுவிட்டார். அவர்களுக்கு என்ன ஆனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்தபோது கொட்டில் இல்லை. குழியின் வாயில் பனங்குற்றிகள் அடுக்கி, மேலே மண் போட்டிருந்தது. வடக்குக் கரையில் ஒரு செல் குண்டு விழுந்து, கரை முழுவதும் உள்ளே சரிந்திருந்தது. நான் குழியைப் பார்த்து நிற்கும்போது அக்கா வேலி இடைவெளியால் வந்தாள். வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாங்கள் பெரிய பிள்ளைகளான பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை. அவளும் பிள்ளைகளும் அத்தானும் அந்தக் குழிக்குள்தான் பதுங்கி இருந்திருக்கிறார்கள். செல் விழுந்தபோது தெற்குப் பக்கமாகக் கல்லோடு ஒட்டி இருந்ததால் தப்பினார்கள். அவர்களுடைய வீட்டுக் கூரை பிளந்திருந்தது. வீட்டுக்குள் இருந்திருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள் என்றாள்.

அன்று பின்னேரம் அத்தான் வந்தார். என் கணவரின் முகத்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, இனி எங்கடை கிணத்திலை அள்ளுங்கோ. நான் முந்திக் கதைச்சது உங்கடை காதிலை விழுந்திருக்கும், மனசிலை வைக்காதையுங்கோ. உந்தக் குழியைத் தூர்த்துவிடுங்கோ. போதும்."

"ஓம் அண்ணை," என்றார் என் கணவர்.

அன்றிலிருந்து அக்காவின் கிணற்றில் அள்ளினோம். அவரும் அந்தத் தண்ணீரைக் குடித்தார். கொட்டில் திரும்பப் போட்டோம். எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஏணியை எடுத்துக்கொண்டு போய்ச் சரிந்த மண்ணை அள்ளத் தொடங்கினார். எனக்கு அழுகையும் கோபமும் வந்தது. அவருடைய கால் பொழுதுபட்டால் வீங்கும். நான் கரையில் நின்று, அத்தான்தான் மனம் வைத்துத் தந்துவிட்டாரே, இன்னும் எதற்கு என்று கேட்டேன்.

அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அத்தான் இருக்குமட்டும் ஒண்டுமில்லை. அக்கான்ரை பிள்ளையளுக்கு நாளைக்குக் கலியாணம் நடக்கும். வாற மருமக்களுக்கு எங்களை ஆரெண்டு தெரியும்? எங்கடை பிள்ளை குடத்தோடை போய் வேலியடியிலை நிக்கிறதோ?"

வேலியடியில் நிற்பது என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். கடகத்தை இறக்கினேன்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை எனக்கு ஒழுங்காகப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு இராணுவம் போய் இன்னொன்று வந்தது, அதுவும் போனது. தொண்ணூறில் திரும்பச் சண்டை. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, சங்கக்கடையில் நிறுத்துக் கொடுக்கச் சாமான் இல்லை. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். எரிக்கிறதும் வழிக்கிறதும் மட்டும் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைப்பதுகூட நின்றுவிட்டது. சில நாள் சண்டை பிடித்து, முகம் பார்க்காமலே கடகம் ஏறி இறங்கும். அத்தான் வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பார்.

தொண்ணூற்றொன்று பங்குனியில் கல் வியர்த்தது. ஒரு மூலையில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. அடுத்த நாள் அதில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் விரலால் தொட்டு நக்கிவிட்டு, சிரட்டையில் கொஞ்சம் எடுத்து எனக்கு அனுப்பினார். நல்ல தண்ணீர். நாங்கள் சந்தோஷப்படவே தெரியாமல் நின்றோம்.

ஆனால் பகல் முழுவதும் ஊறினாலும் ஒரு குடம் நிரம்பவில்லை. பொறுத்திருக்கலாம். அகலமாக வழித்திருக்கலாம். அத்தனை வருடம் பொறுத்த மனிதர் அந்த ஒரு கிழமையில் பொறுமை இழந்துவிட்டார். நானும் தடுக்கவில்லை. ஊற்றின் வாயை இன்னும் கொஞ்சம் திறந்தால் போதும் என்று அலவாங்கைப் போட்டார். மூன்றாம் குத்தில் அலவாங்கு பாதிவரை உள்ளே போனது. கீழே கல்லில் பொந்து இருந்திருக்கிறது. தண்ணீர் குமுறிக்கொண்டு வந்தது. அவர் ஏணியில் ஏறுமுன் முழங்காலுக்கு வந்துவிட்டது. மகள் கரையில் நின்று கைதட்டினாள். அக்கா ஓடிவந்தாள். அத்தான் தேங்காய் ஒன்று கொண்டுவந்து உடைத்தார்.

விடிய எழுந்து அந்தத் தண்ணீரில் தேநீர் வைத்தேன். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. கடல் தண்ணீர்.

எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் மேலே கிடக்கும், உப்புத் தண்ணீர் அதற்குக் கீழே கிடக்கும். இடையில் இருக்கும் கல்லை உடைத்தால் கீழே இருப்பது மேலே வரும். மேல் தண்ணீரோடு நின்றிருக்க வேண்டும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொல்லாமலே எங்களுக்கும் தெரியும். தொண்டைமானாற்றுப் பக்கம் கடல் ஏறும்போது எங்கள் கிணற்றிலும் தண்ணீர் ஏறியது.

அவர் அலவாங்கைக் கொட்டிலின் பின்னால் போட்டுவிட்டார். குழிப்பக்கம் போகவில்லை. சாப்பிடுவார், கடைக்குப் போவார், வருவார். யாரும் பகடி பண்ணவும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் நோவாக இருந்தது. ஒருநாள் பின்னேரம் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு என்னையும் வரச்சொன்னார். அக்கா வீட்டு முற்றத்தில் அத்தான் புகையிலை கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அந்தக் காணியை எடுங்கோ," என்றார் என் கணவர். "நான் ஏலாமல் போனன்."

அத்தான் கையில் இருந்த புகையிலைக் கட்டுக்கு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சவர்த்தண்ணிக் கிணத்தோடை எனக்கென்னத்துக்குக் காணி? ஓட்டையை அடைச்சுப்போட்டுத் தாரும்."

அக்கா குசினி வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கணவர் படலைப்பக்கம் திரும்பி நடந்தார். அடுத்த நாள் காலை அத்தானின் மாட்டு வண்டில் எங்கள் படலையடியில் வந்து நின்றது. அதில் குளத்துக் களிமண் நிறைய இருந்தது. அத்தான் மாட்டை அவிழ்த்துவிட்டு, எங்களைக் கேட்காமலே மண்ணை இறக்கத் தொடங்கினார்.

துலா ஒன்று நட்டு, எல்லோருமாக முறைவைத்துத் தண்ணீரை இறைத்தோம். இறைக்க இறைக்க ஊறியது. கொஞ்சம் வற்றிய நேரம் பார்த்து, பொந்துக்குள் கல்லை இறுக்கி, வைக்கோல் கலந்து குழைத்த களியை அதன்மேல் அப்பி மிதித்தார்கள். அத்தானும் அவரும் தோளில் தோள் பிடித்துக்கொண்டு அடியில் நின்று மிதிப்பதை நான் மேலே நின்று பார்த்தேன். ஒரு இடத்தில் களி பெயர்ந்து, திரும்பவும் எல்லாம் செய்ய வேண்டி வந்தது. பிறகு மாரி வந்தது. மழைத்தண்ணீர் நிரம்பியது. தையில் அதை இறைத்துப் பார்த்தோம். ஊறியது உப்பாகவே இருந்தது. முதல் தடவை போலக் கடல் தண்ணீர் இல்லை. என்றாலும் குடிக்க ஏலாது.

அவர் அதைத் தன் வாயில் விடமாட்டேன் என்றுவிட்டார். நல்லதென்றால் சொல்லும், அப்போது குடிக்கிறேன் என்றார். ஆகவே ருசி பார்ப்பது என் வேலையாயிற்று. காலையில் துலாவால் ஒரு வாளி அள்ளி, செம்பில் வார்த்து, ஒரு வாய் குடிப்பேன். அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

"எப்பிடி?"

"கரிக்குது."

பிறகு கானைக் கட்டிக்கொண்டு போவார். அக்காவின் கிணறு திறந்திருந்தும், வேலைக்குப் போகும் வழியில் கோயில் கிணற்றிலிருந்து கொண்டுவருவதைத் திரும்பத் தொடங்கியிருந்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. இன்னொரு மாரியும் வந்து போனது. இறைத்தோம், ருசி பார்த்தேன், இறைத்தோம். "கரிக்குது" என்ற சொல் எங்கள் வீட்டில் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு மாசி மாதக் காலையில் நான் செம்பை வாயில் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். கரிக்கவில்லை. திரும்பவும் குடித்தேன். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. தண்ணீர் மாறிவிட்டதா, அல்லது என் நாக்கு அந்த உப்புக்குப் பழகிவிட்டதா? இத்தனை நாள் தினமும் குடித்த நாக்கு. அதை நம்பி அவரிடம் ஒரு சொல் சொல்லி, அது பொய்யாகப் போனால் அவர் இன்னொரு தடவை எழும்பமாட்டார்.

"எப்பிடி?" என்றார் அவர்.

நான் செம்பை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனேன். என் வாழ்க்கையில் நான் சத்தம் போட்டு யாரையும் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டேன்.

"அக்கா!"

அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள், யாருக்கோ ஏதோ நடந்துவிட்டதென்று விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். நான் வேலிக்கு மேலால் செம்பை நீட்டினேன். அவள் நல்ல தண்ணீரிலேயே வாழ்ந்தவள். செம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணாந்து குடித்தாள். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினாள். திரும்பவும் குடித்தாள்.

"கொஞ்சம் சப்பெண்டு இருக்கு," என்றாள். பிறகு என் முகத்தைக் கண்டு குரலை மாற்றினாள். "குடிக்கலாமடி. நல்லாக் குடிக்கலாம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் சைக்கிளில் ஏறிப் படலையைக் கடந்துவிட்டார். அக்கா சொன்னது கேட்டதா, கேட்கவில்லையா என்று தெரியவில்லை. கரியரில் கான் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கான் இரண்டும் கொட்டில் வாசலில் கிடந்தன.

அன்று கடை பூட்டி வந்து, கால் கழுவி, மர வாங்கில் உட்கார்ந்தார். நான் தேநீருக்குக் கேத்தலை எடுத்தேன். தேத்தண்ணி வேண்டாம், தண்ணி தாரும் என்றார். கிணற்றடிக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன். மகள் புத்தகத்தை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாக, ஒரு சொட்டும் சிந்தாமல், செம்பு காலியாகும்வரை குடித்தார்.

"கரிக்குதோ?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம். கொஞ்சம் கரிக்குதுதான்," என்றார். சொல்லிவிட்டுச் செம்பை என்னிடம் நீட்டினார், இன்னும் ஒருக்கால் அள்ளிக்கொண்டு வரச்சொல்லி.